டேக்வாண்டோவின் வயது என்ன? சுவரில் எழுதியிருக்கும் 2000 ஆண்டு உண்மையா?

வாசகர் கேள்வி, 2024 ஆகஸ்ட் 10

என் மகனுக்கு 8 வயது. பாரிஸ் ஒலிம்பிக் பார்த்த நாளிலிருந்து டேக்வாண்டோ வகுப்பில் சேர்த்துவிடு என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இரண்டு வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றின் சுவரில் ‘2000 ஆண்டுப் பாரம்பரியக் கலை’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கராத்தே பயின்ற என் மைத்துனரோ, ‘கராத்தேக்கே கொரியர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்’ என்கிறார். எது சரி? இரண்டு வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பது ஒன்றுபோலவும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 10, இரவு

சுவரும் சரியில்லை, மைத்துனரும் பாதிதான் சரி.

டேக்வாண்டோ என்ற பெயருக்குச் சுமார் 70 வயதுதான். 1955 ஏப்ரல் 11 அன்று சோலில் கூடிய ஒரு குழு அதைத் தேர்ந்தெடுத்தது. பெயரை முன்மொழிந்தவர் சோய் ஹொங் ஹி என்ற ராணுவ ஜெனரல். தே என்றால் காலால் தாக்குவது, குவோன் என்றால் கைமுட்டி, டோ என்றால் வழி.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் படிக்கவும் பிழைக்கவும் ஜப்பான் போன கொரிய இளைஞர்கள் அங்கே கராத்தே கற்றார்கள். லீ வொன் குக், ரோ பியுங் ஜிக் இருவரும் நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷியிடமே நேரடியாகக் கற்றவர்கள். லீ 1944இல் சோலில் சுங் டோ குவான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். விடுதலைக்குப் பிறகு இப்படிப் பல குவான்கள் முளைத்தன. அவற்றில் கற்றுக்கொடுத்ததை அவர்களே ‘கோங் சூ டோ’, ‘தாங் சூ டோ’ என்றுதான் அழைத்தார்கள். கராத்தே என்பதை எழுதும் சீன எழுத்துகளைக் கொரிய உச்சரிப்பில் படித்தால் வருவது அது. வெள்ளை உடையும் பட்டையும் ‘டான்’ தரவரிசையும் ஜப்பானிலிருந்து வந்தவைதான்.

ஆகவே மைத்துனர் வேரைச் சரியாகச் சொல்கிறார். அதன் மேல் என்ன வளர்ந்தது என்பதை அவர் பார்க்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 11

என்னைப் பற்றி ஒரு வரி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். 1987இல் 11 வயதில் ஒரு பள்ளி மண்டபத்தின் சிமெண்ட் தரையில் டேக்வாண்டோ தொடங்கினேன். இடையில் நீண்ட காலம் விட்டுப்போனது. இப்போது என் 12 வயது மகள் பழகுகிறாள், நானும் திரும்பப் போகிறேன்.

வளர்ந்தது என்ன என்றால், கால். பழைய கராத்தேயில் உதை கையைத் தாங்கி வரும். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே, நேராக. கொரியர்கள் 50களிலும் 60களிலும் அதை எடுத்து உயர்த்தி, சுழற்றி, பின்பக்கம் திருப்பி, காற்றில் தூக்கி, தலை உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தலைமுறைக்குள் ஒரு கலையின் எடை கையிலிருந்து காலுக்கு மாறிவிட்டது. இதை ‘பெயர் மாற்றம்’ என்று சொல்லக் கூடாது.

டோல்யோ சாகியை எடுத்துக்கொள்ளுங்கள். டேக்வாண்டோவில் எல்லாரும் எப்போதும் அடிக்கும் வளைவு உதை. பார்ப்பவர் கண் உதைக்கும் காலில் இருக்கும். வேலை நடப்பது நிற்கும் காலில். முதலில் முழங்கால் நேராக எதிரியை நோக்கி எழ வேண்டும். அது எழும்போதே தரையில் இருக்கும் காலின் குதிகால் லேசாக உயர்ந்து, முன்பாதத்தின் மேல் பாதம் திரும்பிக் குதிகால் எதிரியைப் பார்க்க வேண்டும். அது திரும்பினால்தான் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பிய பிறகுதான் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சாட்டைபோல் விரிந்து, புறங்கால் போய்ப் படும். பட்டவுடன் மடங்கித் திரும்ப வேண்டும். நிற்கும் கால் திரும்பாமல் உதைத்தால் அத்தனை முறுக்கும் முழங்கால் மூட்டில் இறங்கும்.

எங்கள் மாஸ்டர் முதல் மூன்று மாதம் எங்களை உதைக்கவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். முன்பாதத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம் வந்து, உடைந்து, காய்ந்து, தோல் தடித்தது. அந்தத் தடிப்பு இன்றும் என் இடது பாதத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, மாலை

ஒரு நண்பர் தனிச் செய்தியில் கேட்கிறார்: ‘கொரியாவில் பழைய கல்லறை ஓவியங்களில் டேக்வாண்டோ இருக்கிறதாமே?’

சுவரில் எழுதுபவர்கள் காட்டும் சான்று அதுதான். கோகுரியோ அரசு காலத்து முயோங்சோங் கல்லறையில் இரண்டு பேர் கை நீட்டி எதிரெதிரே நிற்கும் ஓவியம் உண்டு. அந்தக் கல்லறை இன்று சீன எல்லைக்குள், ஜியான் நகரில் இருக்கிறது. அவர்கள் சண்டை போடுகிறார்களா, மல்லுக்கு இறங்குகிறார்களா, ஆடுகிறார்களா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பழங்காலக் கொரியாவில் கைகால் சண்டை இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. எங்கே இல்லாமல் இருந்தது? அந்த ஓவியத்திலிருந்து இன்றைய டோஜாங், அதாவது பயிற்சிக்கூடம், வரை ஆசிரியர்–மாணவர் என ஒரு தொடர்ச்சியைக் காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. காட்ட முடியவில்லை.

ஆகஸ்ட் 12

எதிர்பார்த்தது வந்துவிட்டது. ‘எல்லாச் சண்டைக் கலையும் காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர் கொடுத்தது. டேக்வாண்டோவும் நம்முடையதே’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கும் ஆசை இருக்கிறது. அப்படி இருந்திருந்தால் என் மாஸ்டரிடம் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன். ஆனால் போதிதர்மரை ஷாவோலின் உடற்பயிற்சியோடு சேர்த்துச் சொல்லும் நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 1000 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் வணங்கத்தக்கவர், தியான மரபின் ஆசான். அதற்கு மேல் ஓர் உதையையும் குத்தையும் அவர் தலையில் ஏற்றி வைக்க வேண்டாம்.

‘2000 ஆண்டு’ என்று சுவரில் எழுதும் கொரியர் மீதும், ‘எல்லாம் நம்முடையது’ என்று எழுதும் நம்மவர் மீதும் எனக்குக் கோபம் வருவதில்லை. அடிமைப்பட்டு மீண்ட மக்களுக்குத் தங்கள் கையில் இருப்பது பழையது என்று சொல்லிக்கொள்ளும் தேவை இருக்கிறது. எனக்கு அது புரிகிறது. ஆனால் பொய்யான வயதைச் சொல்லும்போது உண்மையாக நடந்த பெரிய விஷயம் மறைந்துபோகிறது: தன்னை ஆண்டவர்களிடமிருந்து கற்ற ஒன்றை எடுத்து, 20 ஆண்டுகளுக்குள் தன் உடம்புக்கும் மொழிக்கும் ஏற்ப மாற்றி, தன் விடுதலை வீரர்களின் பெயரை அதில் எழுதி, உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்த மக்கள் இவர்கள். இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

வீரர்களின் பெயர் எங்கே எழுதப்பட்டது என்பதற்குத் தனியாக வருகிறேன்.

ஆகஸ்ட் 12, சற்று நேரம் கழித்து

‘தேக்கியொன்’ பற்றிச் சொல்லாமல் விட்டது தவறு. முதல் நாள் எழுதியதைப் படித்தால் கொரியாவுக்குச் சொந்தமாக எதுவுமே இல்லை என்பதுபோல் தொனிக்கிறது.

தேக்கியொன் கொரியாவின் பழைய கால்விளையாட்டு. மூன்று தாளத்தில் முக்கோணமாக அடி வைத்து, அசைந்து அசைந்து, காலால் தட்டி எதிராளியை விழவைப்பது. பார்த்தால் நடனம் என்றே தோன்றும். ஜப்பானியர் காலத்தில் அழியும் நிலைக்குப் போய், 1893இல் பிறந்த சோங் டோக் கி என்ற ஒரு மனிதரின் நினைவில் தங்கிப் பிழைத்தது. 1983இல் அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

டேக்வாண்டோவுக்கும் இதற்கும் உள்ள உறவு பெயரில் தெளிவாகத் தெரிகிறது. சோய் சொன்ன கதை இது: 1954இல் ஒரு ராணுவ நிகழ்ச்சியில் நாம் தே ஹி என்ற அதிகாரி 13 கூரை ஓடுகளை ஒரே குத்தில் உடைத்துக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த அதிபர் சிங்மன் ரீ, ‘இது தேக்கியொன் அல்லவா!’ என்றாராம். உடைந்தது கையால், அதிபர் சொன்னது கால்கலையின் பெயர். ஆனாலும் நாட்டின் தலைவர் வாயிலிருந்து வந்த சொல் ஆயிற்றே. அதன் ஒலிக்கு நெருக்கமாக ஒரு பெயரைத் தேடித்தான் ‘டேக்வாண்டோ’ பிறந்தது. அசைவுகள் எவ்வளவு வந்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. காலை உயர்த்த வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்தது என்று நம்புகிறவள் நான்.

ஆகஸ்ட் 14

‘இரண்டு வகுப்பிலும் வேறு வேறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் இரண்டு டேக்வாண்டோக்கள்.

சோய் 1966இல் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக ஐடிஎஃப். அதிபர் பார்க் சுங் ஹியின் அரசோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1972இல் கனடாவுக்குப் போய்விட்டார். கூட்டமைப்பும் அவரோடு போனது. தென்கொரிய அரசு தன் பங்குக்கு 1973இல் சோலில் குக்கிவொன் என்ற தலைமையகத்தைத் திறந்து, அதே ஆண்டு உலக டேக்வாண்டோ கூட்டமைப்பையும் உருவாக்கியது. ஒலிம்பிக்கில் இருப்பது இந்த இரண்டாவது. 1988 சோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டு. 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டு. சோய் பிற்பாடு வடகொரியாவில் தன் கலையைப் பரப்பினார், 2002இல் பியோங்யாங்கிலேயே இறந்தார். அவர் இறந்த பிறகு ஐடிஎஃப்பும் ஒன்றாக இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் அதே பெயரை உரிமை கொண்டாடுகின்றன.

வகுப்பில் கேளுங்கள்: கற்றுக்கொடுக்கும் வரிசை அசைவுகளுக்கு ‘தூல்’ என்று பெயரா, ‘பூம்சே’ என்று பெயரா? தூல் என்றால் ஐடிஎஃப். பூம்சே என்றால் ஒலிம்பிக் பக்கம். போட்டியிலும் வேறுபாடு உண்டு. ஐடிஎஃப்பில் கையுறை போட்டு முகத்தில் குத்தலாம், மார்புக் கவசம் கிடையாது. ஒலிம்பிக் பக்கம் கவசம் உண்டு, தலைக்கு உதைக்கலாம், முகத்தில் குத்தக் கூடாது.

நான் கற்றது தூல். மகள் கற்பது பூம்சே.

எனக்கு இதில் ஒரு வடு இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் ஒரு பயிற்சியகத்தில் சேரப் போனபோது, ‘தெரிந்ததைச் செய்யுங்கள்’ என்றார் அங்கிருந்த ஆசிரியர். மனத்தை ஒருமுகப்படுத்தி ஹ்வா ராங் தூலை முடித்து நின்றேன். ‘இது டேக்வாண்டோவே இல்லை. வெள்ளைப் பட்டையிலிருந்து தொடங்குங்கள்’ என்றார். வெள்ளைப் பட்டை எனக்குச் சிறுமை இல்லை. என் மாஸ்டரின் பத்தாண்டு உழைப்பை அவர் ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போட்டதுதான் பொறுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

திருத்தம். குக்கிவொன் திறந்தது 1972 நவம்பர் 30. முதல் உலகப் போட்டி அங்கே நடந்ததும் உலகக் கூட்டமைப்பு பிறந்ததும் 1973 மே. நேற்று இரண்டையும் ஒரே ஆண்டில் போட்டுவிட்டேன். அந்தக் கூட்டமைப்பு 2017இல் பெயரைச் சுருக்கி ‘வேர்ல்டு டேக்வாண்டோ’ ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 16

‘மலேசியாவில் எப்படி ஐடிஎஃப் வந்தது?’ என்று கேட்டவருக்கு: சோய் ஹொங் ஹி 1962இல் கொரியத் தூதராகக் கோலாலம்பூர் வந்தவர். தூதர் வேலையோடு டேக்வாண்டோவையும் கொண்டுவந்தார். இங்கே இருந்த ஆண்டுகளில்தான் அவருடைய தூல்களில் பலவும் உருவம் பெற்றன. ஆகவே நாங்கள் பழகியது எங்கோ தொலைவிலிருந்து வந்த பொருள் மட்டும் இல்லை. அதில் ஒரு பகுதி இந்த வெயிலிலும் வெந்தது.

எங்கள் மண்டபத்தில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கும் புழங்கும். எண்ணுவது மட்டும் கொரிய மொழியில். ஹானா, டூல், செட், நெட், தசோட். பத்து முடிந்ததும் அடிவயிற்றிலிருந்து ‘கிஹாப்’, அதாவது குரல். முதல் வாரம் எனக்குக் குரலே வரவில்லை. பெண் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று வளர்த்த தொண்டை. மாஸ்டர் என்னை மண்டபத்தின் ஒரு மூலையில் நிறுத்தி, தான் எதிர் மூலைக்குப் போய், ‘உன் பெயரை எனக்குக் கேட்கும்படி சொல்’ என்றார். ஏழெட்டு முறை சொன்னேன். கடைசியில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அன்று என்ன தோன்றியதோ, மறுநாள் பள்ளிக்கு முன்பே என் டோபோக்கை, அதாவது பயிற்சி உடையை, இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 17

வீரர்களின் பெயர் எழுதியிருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இந்தத் தூல்கள்தான். மொத்தம் 24. ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பதாகச் சோய் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பட்டைத் தேர்வில் அசைவைச் செய்தால் மட்டும் போதாது, பெயரின் பொருளையும் நின்று சொல்ல வேண்டும்.

தோ சான் என்பது ஆன் சாங் ஹோவின் புனைபெயர். கல்விக்காகவும் விடுதலைக்காகவும் வாழ்ந்தவர். நான் வீட்டில் நடந்துகொண்டே அதை மனப்பாடம் செய்ததைக் கேட்ட பாட்டி, ‘நம் வ.உ.சி. மாதிரி ஒருத்தரா?’ என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தூலில் வ.உ.சி.யும் சேர்ந்துகொண்டார்.

சுங் மு என்பது கடற்படைத் தளபதி யி சுன் சின்னின் பட்டம். ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்து நின்று, 1598இல் கடைசிப் போரில் இறந்தவர். அந்தத் தூல் இடக்கை அடியோடு முடியும். அவருடைய ஆற்றல் முழுவதும் வெளிப்படாமலே உயிர் போய்விட்ட வருத்தத்தைக் காட்டுவதற்காக அப்படி வைத்தார்கள். முடிக்கும்போது வலக்கைக்காரரான எனக்குக் குறையாக, ஏதோ மிச்சம் இருப்பதாகத் தோன்றும். அந்தக் குறையே அதன் பொருள் என்பது புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஜுங் குன் என்பது ஆன் ஜுங் குன். 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் இட்டோ ஹிரோபுமியைச் சுட்டவர். கொரியாவை ஆள ஜப்பான் அனுப்பிய முதல் அதிகாரி இட்டோ. ஆன் 1910 மார்ச் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். அந்தத் தூலில் 32 அசைவுகள். இறந்தபோது அவர் வயது 32.

இப்போது சொல்லுங்கள். ஜப்பானியக் கராத்தே கற்ற மனிதர்கள், அதே அடிகளையும் தடுப்புகளையும் வைத்து, ஜப்பானை எதிர்த்தவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கல்லில் எழுப்பவில்லை, பிள்ளைகளின் உடம்பில் எழுப்பினார்கள். இதைப் போய் ‘வெறும் பெயர் மாற்றம்’ என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்ட் 18

கணக்கில் புலியான ஒரு வாசகர் பிடித்துவிட்டார்: ஆன் பிறந்தது 1879 செப்டம்பர். 1910 மார்ச்சில் 30 வயதுதான் முடிந்திருக்கும், 32 எப்படி?

நல்ல கேள்வி. நானும் இத்தனை ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒப்பித்திருக்கிறேன். கொரிய முறையில் பிறக்கும்போதே வயது 1. அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். 1879இல் 1, 1910இல் 32. கொரியாவே 2023 ஜூனில் சட்டம் மாற்றி, அலுவல் காரியங்களுக்குப் பிறந்தநாள் கணக்குக்கு வந்துவிட்டது. தூலில் 32 அசைவு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 21

‘ஒலிம்பிக்கில் பார்த்தால் சண்டை மாதிரியே இல்லை, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறார்கள்’ என்று எழுதியவரே, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணம் கருவி. சிட்னியில் நடுவர்கள் கண்ணால் பார்த்துப் புள்ளி கொடுத்தார்கள். எந்த உதைக்கும் ஒரே புள்ளி. பெய்ஜிங்கில், 2008இல், தீர்ப்புகளைச் சுற்றி அசிங்கமாயிற்று. கியூபாவின் ஆங்கெல் மாட்டோஸ் நடுவரின் முகத்திலேயே உதைத்து வாழ்நாள் தடை வாங்கினார். அதன் பிறகு லண்டனில் மின்னணு மார்புக் கவசம் வந்தது, ரியோவில் தலைக்கவசமும் வந்தது. காலுறையில் உணர்விகள் இருக்கும். அவை கவசத்தைத் தொட்டு, எடைப் பிரிவுக்கு வைத்த விசை அளவைத் தாண்டினால் பலகையில் புள்ளி தானாக ஏறும். கருவிக்கு அழகு தெரியாது, தொட்டதா என்பது மட்டும் தெரியும். உடனே வீரர்கள் முன்காலைத் தூக்கியே வைத்துக்கொண்டு, தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கப் பழகினார்கள். ‘கால் வாள்வீச்சு’ என்று பழைய ஆட்கள் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

சரிசெய்யப் பார்க்கிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக் விதிப்படி குத்துக்கு 1, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு 3, சுழன்று உடம்பில் அடித்தால் 4, சுழன்று தலையில் அடித்தால் 5. மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவர் வெற்றி. சுற்றுக்கு 2 நிமிடம். ஒரு சுற்றில் பின்தங்கினாலும் அடுத்ததில் பூஜ்யத்திலிருந்து எழலாம் என்பதால் துணிந்து ஆடுகிறார்கள்.

பாரிஸில் 57 கிலோ பிரிவில் தென்கொரியாவின் கிம் யூ ஜின் தங்கம் வாங்கியதைப் பார்த்தீர்களா? உலகத் தரவரிசையில் 24ஆம் இடத்தில் இருந்து வந்தவர். நெடிய கால். அந்தக் காலைத் தூக்கி நின்றதை நானும் முதலில் முகம் சுளித்துத்தான் பார்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மா, அவர் நிற்கும் காலைப் பாருங்கள்’ என்றாள். பார்த்தேன். நிற்கும் கால் சும்மா இல்லை. சிறு சிறு தாவலாக முன்னும் பின்னும் போய்த் தூரத்தை அளந்துகொண்டே இருக்கிறது. ஒற்றைக் காலில் இரண்டு நிமிடம் அப்படிச் செய்து பாருங்கள், தொடை எரியும். ‘கொக்கு’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொக்கும் சும்மா நிற்பதில்லையே, மீன் வரும் வரைதான்.

ஆகஸ்ட் 21, இரவு

கருவி கெடுத்தது என்று சொன்னேன். கருவி கொடுத்ததையும் சொல்ல வேண்டும். நடுவரிடம் செல்வாக்கு இல்லாத நாட்டுப் பிள்ளைக்கு அது பெரிய நீதி.

பணக்கார நாடுகள் மட்டும் வெல்லும் விளையாட்டு இல்லை இது. வியட்நாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம் டேக்வாண்டோவில் வந்தது: 2000இல் டிரான் ஹியூ ங்கான், வெள்ளி. ஆப்கானிஸ்தானின் முதல் பதக்கம் 2008இல் ரோஹுல்லா நிக்பாய், வெண்கலம். ஈரானில் அகதியாக இருந்தபோது பயிற்சி எடுத்தவர். காபோனின் முதல் பதக்கம் 2012இல் ஆண்டனி ஒபாமே. ஜோர்டானின் முதல் பதக்கமே தங்கம்: 2016, அகமது அபுகௌஷ். ஜோர்டானில் அஸ்ராக் அகதி முகாமில் சிரியப் பிள்ளைகளுக்கு இன்று ஒரு டேக்வாண்டோ பயிற்சியகம் நடக்கிறது.

அபுகௌஷ் வென்ற மறுநாள் ரியோவில் 80 கிலோ இறுதிப் போட்டி. ஐவரி கோஸ்ட்டின் ஷேக் சிசே 4–6 என்று பின்தங்கி நிற்கிறார். மணி ஓடி முடிய ஒரு நொடி இருக்கிறது. பிரிட்டன் வீரர் வென்றுவிட்டார் என்று அரங்கமே நினைக்கிறது. சிசே முதுகைக் காட்டித் திரும்புகிறார், குதிகால் சுழன்று தலைக்கவசத்தில் படுகிறது. 8–6. அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கம். நான் அதைக் காலை நேரத்தில் சமையலறையில் நின்றுகொண்டு பார்த்தேன். கத்திவிட்டேன். தோற்றவர் விம்மி விம்மி அழுததையும் மறக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 25

கேள்வி கேட்ட அப்பாவுக்கு நடைமுறை விஷயங்கள்.

மகன் ஒன்றிரண்டு ஆண்டில் கறுப்புப் பட்டை வாங்கிவிடுவான் என்று வகுப்பில் சொன்னால் அதை மோசடி என்று நினைக்க வேண்டாம். கொரியாவிலேயே அப்படித்தான். அங்கே பள்ளி விட்டதும் டோஜாங் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும்; பெற்றோர் வேலை முடிந்து வரும் வரை அதுதான் இன்னொரு வீடு. முதல் கறுப்புப் பட்டைக்கு அவர்கள் கொடுக்கும் பொருள் ‘எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது’ என்பது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘டான்’ கிடையாது, ‘பூம்’ என்ற தரம். பட்டை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அதற்கு மேல் வேகம் குறையும். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு குறைந்தது 1 ஆண்டு, மூன்றாவதுக்கு 2 ஆண்டு, நான்காவதுக்கு 3 ஆண்டு என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

எந்தப் பக்கம் சேர்ப்பது? ஒலிம்பிக் கனவு இருந்தால் பூம்சே பக்கம். இல்லையென்றால் ஆசிரியரைப் பார்த்துச் சேருங்கள், அமைப்பைப் பார்க்க வேண்டாம். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பலவீனமான பிள்ளை தவறு செய்யும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். நிற்கும் காலைத் திருத்துகிறாரா என்றும் பாருங்கள். அது மகனின் முழங்கால் சம்பந்தப்பட்டது.

ஆகஸ்ட் 26

இரு பக்கமும் எப்போதாவது சேருமா என்று ஒருவர் கேட்டார். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்கத்தில் வடகொரிய ஐடிஎஃப் குழுவும் உலகக் கூட்டமைப்பின் குழுவும் ஒரே மேடையில் உதைத்துப் பலகை உடைத்தன. அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கிலிருந்து குழு பியோங்யாங் போனது. பிறகு அரசியல் கதவு சாத்தியது. மக்கள் போகவர முடியாத இரண்டு நாடுகள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

செப்டம்பர் 1

நேற்று மாலை கூடத்தில் சோபாவைத் தள்ளிவிட்டு நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் தன் முதல் பூம்சேயான தேகுக் இல் ஜாங். நான் என் முதல் தூலான சோன் ஜி. அதன் பொருள் வானும் பூமியும். இருவருக்கும் ஒரே எண்ணிக்கை, அவளே எண்ணினாள்.

ஹானா: இருவரும் இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு. டூல்: வலக்கால் முன்னே, வலக்கைக் குத்து. செட்: வலம் சுழன்று கீழ்த்தடுப்பு. நெட்: இடக்கால் முன்னே, இடக்கைக் குத்து. தசோட்: இடம் திரும்பிக் கீழ்த்தடுப்பு. ஐந்து அசைவு வரை வரிசை ஒன்றே. நிலையில்தான் வேறுபாடு: என் கால்கள் அகன்று தாழ்ந்திருந்தன, அவள் முதல் நான்கிலும் நடப்பதுபோல் நிமிர்ந்து நின்றாள். ஐந்தாவதில் அவளும் தாழ்ந்தாள். ஆறாவதில் அவள் நின்ற இடத்திலேயே வலக்கையால் குத்தினாள். நான் ஓர் அடி முன்னே வைத்துக் குத்தினேன். அங்கே பிரிந்தோம்.

கேள்வி கேட்ட அப்பாவே, உங்கள் மைத்துனர் ஷோட்டோகான் கராத்தேக்காரர் என்றால் அவருடைய முதல் காட்டாவான (கராத்தேயில் வரிசை அசைவுக்குப் பெயர் காட்டா) ஹெய்யான் ஷோதானைச் செய்யச் சொல்லுங்கள். மகன் ஏதாவது ஒரு வகுப்பில் முதல் பாடத்தை முடித்த பிறகு இருவரையும் சேர்த்து நிறுத்தி, மெதுவாக எண்ணுங்கள். இடப்பக்கம் கீழ்த்தடுப்பு, குத்து, வலம் சுழன்று கீழ்த்தடுப்பு. அதன் பிறகு மைத்துனர் காலைச் சற்று இழுத்து, கைமுட்டியைச் சுத்தியல்போல் மேலிருந்து ஓர் அடி கூடுதலாக இறக்குவார். மகன் அந்த இடத்தில் ஓர் எண்ணிக்கை காத்திருக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து இடக்கால் வைத்து இடக்கைக் குத்து.